இங்கு சத்தம் மட்டும் எடுக்கப்படும்

மலையடிவாரத்துக் கரட்டுப்பட்டியில் மெக்கானிக் ராயப்பன் ஒரு ஜீப்பின் கோளாறை உள்ளேயே விட்டுவிட்டு, அதன் சத்தத்தை மட்டும் தனியாக உருவியெடுத்து கிரீஸ் டப்பாவில் போட்டு மூடிய அந்த ஐப்பசிக் காலையில், சுற்றி நின்ற ஒருத்தரும் ஐயையோ இது எப்படி என்று வாயைப் பிளக்கவில்லை. டப்பா மூடி நன்றாக இறுகியிருக்கிறதா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்க வேண்டியதைக் கேட்டவள் ஒச்சம்மா ஒருத்திதான். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த ஜீப் கங்காணி மொக்கராசுவினுடையது. ஊர்ப் பெண்டுகள் விடிந்ததும் தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு மலையேறி, ஏலத் தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். எந்தத் தோட்டத்துக்கு எந்தக் கங்காணி ஆள் விடுகிறானோ அவனுடைய ஜீப்பில்தான் ஏற வேண்டும், ஏற மாட்டேன் என்றால் அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. மொக்கராசு ஆள் ஏற்றுவதைப் பார்த்தால் ஆள் ஏற்றுகிற மாதிரியே இருக்காது, சாக்கில் மிளகாய் வற்றலை அமுக்குகிற மாதிரி இருக்கும். ஒச்சம்மா முன்னால் டிரைவர் சென்றாயனுக்குப் பக்கத்தில், கியர்க் கம்பியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் மகள் பவுனுத்தாய், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவள், இடமில்லாமல் ஆகக் கடைசியில், பின்பக்கத்துப் பலகை நுனியில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவாள். வண்டி சாய்ந்தால் முதலில் பள்ளத்தில் விழுகிற இடம் அது. ஒவ்வொரு வளைவிலும் ஒச்சம்மா திரும்பிப் பார்ப்பாள், மகள் தலை தெரிகிறதா என்று.

மழை பிடித்ததிலிருந்து அந்த ஜீப்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. கீச்சு, கீச்சு, கீச்சு. வண்டியைக் கிளப்பினால் ஆரம்பிக்கும், மிதித்தால் வேகமாகும், ஏற்றத்தில் ஒச்சம்மாவின் பல்லைக் கூசவைக்கும். ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்கள் எல்லோரும் அதற்கு வைத்தியம் சொன்னார்கள். குளிருக்கு அப்படித்தான் கத்தும் என்றான் ஒருவன். உள்ளே எலி குட்டி போட்டிருக்கிறது என்றான் இன்னொருவன். பெல்ட்டில் துணி சோப்பைத் தேய் என்றார்கள், தேய்த்தார்கள், அரைப்பொழுது அடங்கியது. விளக்கெண்ணெய் விடு என்றார்கள், விட்டார்கள், அடங்கினது போல அடங்கி முன்னைவிட மோசமாகக் கத்தியது. கடைசியில் பெண்டுகள் ஏற மாட்டோம் என்று முரண்டு பிடித்ததால்தான் மொக்கராசு ஜீப்பை ராயப்பன் பட்டறைக்கு விட்டான்.

ராயப்பன் தொழில் தெரிந்தவன்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஓடுகிற பெல்ட் மேல் பாட்டில் தண்ணீரைத் தெளித்தான். சத்தம் ஒரு மூச்சு அடங்கி மறுபடி வந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோவில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டான். பிறகு தண்ணீர் பம்பில் வைத்துக் கேட்டான். பிறகு பெல்ட்டை நடுவில் இழுத்துப் பிடிக்கிற சின்னப் புல்லியில் வைத்தான், வைத்தவன் முகத்தைச் சுளித்தான்.

"பேரிங் செத்துப்போச்சுண்ணே. புல்லி கோணிக்கிட்டு ஓடுது, பெல்ட்டு ஓரத்த அறுத்துக்கிட்டே இருக்கு."

"அறுந்தா என்னாகும் தம்பி?" என்றாள் ஒச்சம்மா.

"ஸ்டியரிங்கு கல்லு மாதிரி ஆயிரும் யக்கா. பிரேக்கு ரெண்டு மிதிக்கு வரும், அப்பறம் அதுவும் கல்லுதான்."

மொக்கராசு வேட்டியை மடித்துக் கட்டினான். "சாமான் இருக்கா ஒங்கிட்ட?"

"மதுரையிலருந்து வரணும். அதுவரைக்கும் வண்டி நிக்கணும்."

"காயெடுப்பு நேரத்துல வண்டிய நிறுத்தச் சொல்றியா? நல்லாருக்குடா ஒன் நாயம். இவளுகளுக்கு என்னா பிரச்சன, சத்தந்தான? சத்தத்த மட்டும் எடு, போதும்."

ராயப்பனுக்கு ஒரு பலவீனம் உண்டு. முடியாது என்ற சொல் அவன் வாயில் வராது, அதிலும் வேட்டியை மடித்துக் கட்டின ஆள் கேட்டால் வரவே வராது. அவன் ஸ்க்ரூடிரைவரைப் புல்லியில் ஊன்றி, மெல்லத் திருகி, அவித்த பனங்கிழங்கின் நடுநாரை உருவுவது போலச் சத்தத்தை உருவினான். அது நெளிந்துகொண்டு நீளமாக வந்தது. கிரீஸ் டப்பாவில் விட்டு மூடினான். டப்பா அவன் கையில் கீச்சு கீச்சு என்றது. ஜீப் பூனை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தத்த எடுத்துட்ட, சரி. கோளாறு?" என்றாள் ஒச்சம்மா.

"அது அங்கனயேதான் இருக்கு யக்கா," என்றான் ராயப்பன், பொய் சொல்லத் தெரியாதவன்.

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். "காதுல விழாத கோளாறு ஒனக்கு எதுக்கு? ஏறு வண்டில," என்றான் மொக்கராசு. ஏறினார்கள். அவளும் ஏறினாள், மகள் ஏறிவிட்டாளே.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கும் ஆத்திரம் வரும், வரட்டும். ஸ்டாண்டிலிருந்த மற்ற ஜீப்புகள் எல்லாம் ராயப்பன் பட்டறை வாசலில் வரிசை கட்டின, அப்புறம் மாவு மில்லுக்காரர் வந்தார், தண்ணீர் மோட்டார்கள் வந்தன, தலையை ஆட்டிக்கொண்டு சுற்றுகிற மின்விசிறிகள் வந்தன, மிக்ஸிகளும் கிரைண்டர்களும் இடுப்பிலும் தலையிலும் ஏறி வந்தன, கீல் துருப்பிடித்த ஒரு கதவை நிலையோடு பெயர்த்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்கிற காரியம் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ஆனாலும் வரிசையில் நின்று சத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தானே முன்னின்று பட்டறைக்கு ஒரு பலகை எழுதி மாட்டினார்: இங்கு சத்தம் மட்டும் எடுக்கப்படும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டுச் சத்தம் எடுத்தாச்சா என்று கேட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கும் சத்தம் கிடையாது என்பதை நகைநட்டுப் பேச்சுக்கு முன்னாலேயே சொல்லிவைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்று, என்ன அமைதி, என்ன அமைதி என்று பொறாமைப்பட்டுப் போனார்கள்.

மேலத்தெரு சுருளிச்சாமி தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கிழவருக்கு இருமல். ராயப்பன் அவர் நெஞ்சில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, இருமலின் சத்தத்தை உருவிப் பெருங்காய டப்பாவில் அடைத்துக் கொடுத்தான். அதன்பிறகு கிழவர் கட்டிலில் குலுங்கிக் குலுங்கி இருமினார், ஒரு சத்தமும் வரவில்லை, மகன் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டான். அந்தக் குறட்டையையும் அவன் பெண்டாட்டி அடுத்த வாரம் எடுத்துவிட்டாள். கார்த்திகை பிறப்பதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு என்று ஊரே மெச்சியது. மாவு மில்லில் பட்டை அறுந்து மில்லுக்காரரின் தோளை முறித்தது. முன்பெல்லாம் கத்தோ கத்தென்று கத்திவிட்டுத்தான் அறும், இப்போது சொல்லாமல் அறுந்தது. மனிதர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இருந்தாலும் மில்லுக்குள் இப்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா என்றார். இந்த ஆட்களை என்ன செய்வது?

ஒச்சம்மா குழாயடியில் கத்தினாள், ரேஷன் கடையில் கத்தினாள், கோயில் கஞ்சிக் கலயத்துக்கு முன்னால் நின்று கத்தினாள். "கோளாறு எங்கடா போச்சு? ஒருத்தனாச்சும் சொல்லுங்கடா, எங்க போச்சு?" ஜீப்பில் போகும்போது அவள் பாதத்தை இரும்பில் அழுத்தி வைத்திருப்பாள். சத்தம் இல்லாவிட்டாலும் அந்தப் புல்லியின் நடுக்கம் உள்ளங்காலில் ஏறியது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. சென்றாயனிடம் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தாச்சி," என்றான் சென்றாயன். சத்தம் இருந்த காலத்தில் ஏற்றத்தில் கால் தானாகத் தளரும் அவனுக்கு. இப்போது மிதித்துக்கொண்டே போனான்.

கார்த்திகை மாதத்தில் மேலே செக்போஸ்ட்டில் தலை எண்ண ஆரம்பித்தார்கள். மொக்கராசு பாதிப் பெண்களைத் தார்ப்பாயின் அடியில் படுக்கவைத்து மூடினான். அடியில் நசுங்குகிறவள் கத்தாமல் இருப்பாளா, கை மிதிபட்டவள் ஏசாமல் இருப்பாளா? ஒருநாள் பிடிபட்டான். மறுநாள் எல்லோரையும் பட்டறைக்குக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினான்.

"ஒண்ணுமில்ல தாயிகளா, பயப்படாதீக. பேச்சுக்கு ஒரு கொறையும் வராது. வலிச்சா கத்துறது, நெரிச்சா ஏசுறது, அந்தச் சத்தம் மட்டுந்தான். குடுத்தவுகளுக்கு நாளைக்கு வேல உண்டு."

கொடுத்தார்கள். ஊரே கொடுக்கிறது, நாம் என்ன உசத்தி என்று கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்று கொடுத்தார்கள். ராயப்பன் ஒருத்தியின் முழங்காலில் வைத்தான், ஒருத்தியின் பிடரியில் வைத்தான், ஒருத்தியின் இடுப்பில் வைத்தான். அந்தப் பெண்களின் உடம்பில் எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று தேய்ந்துதான் கிடந்தது, சத்தம் லேசாக உருவிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஒரே பால்பவுடர் டப்பாவில் அடைத்தான். மொக்கராசு அதைத் தன் வீட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்களால் அடுப்படிப் பேச்சுப் பேச முடிந்தது. குரலை உயர்த்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"எஞ் சத்தத்துல கைய வச்சே, கைய ஒடிச்சு ஒன் டப்பாவுலயே போட்டு மூடிருவேன்," என்றாள் ஒச்சம்மா. ராயப்பன் பின்வாங்கினான். முன்னால் எஞ்சின் பக்கம் உட்காருகிறவள்தானே, தார்ப்பாய்க்கு அடியிலா வரப்போகிறாள் என்று மொக்கராசுவும் விட்டுவிட்டான். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், வரிசையில் நின்ற பவுனுத்தாய் கழுத்தை நீட்டிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி குடுத்த?"

"எல்லாரும் குடுத்தாகம்மா. ஒனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் சண்ட. நீ கத்திக் கத்தி என்னாத்தக் கண்ட?"

ஒச்சம்மா அறைந்துவிட்டாள். கை நீட்டாதவள் நீட்டிவிட்டாள். பவுனுத்தாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதற்கு வாயைத் திறந்தாள். வாய் கோணியது, தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சத்தம் இல்லை. பிறந்த அன்றைக்கு ஊரைக் கூட்டி அழுத பிள்ளை அது. ஒச்சம்மாவுக்கு அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துத் தானே ஓவென்று அழுதாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒச்சம்மா பட்டறைக்குப் போய், அலமாரியில் கீச்சிட்டுக்கொண்டிருந்த கிரீஸ் டப்பாவைத் தானே எடுத்தாள்.

"இத அந்தப் புல்லியிலயே திருப்பிப் போடு."

"போட்டாலும் நிக்காது யக்கா. இரும்பு பழகிருச்சு. இனிமே உசுரு உள்ளதுலதான் ஒட்டும்."

"எஞ் சாமி, அத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?" என்றாள். மூடியைத் திருகினாள். கூழ் குடிக்கிற மாதிரி அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தாள். ராயப்பன் வேண்டாம் யக்கா வேண்டாம் யக்கா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான், பிசைய மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் சென்றாயன் சாவியைத் திருகியதும் ஒச்சம்மாவின் தொண்டையிலிருந்து கீச்சு, கீச்சு, கீச்சு என்று வந்தது. அவன் மிதித்தால் வேகமாக வந்தது, விட்டால் நிதானமாக வந்தது. முன்பு புல்லி கத்தியதைப் போல மூன்று பங்கு கத்தியது. கோளாறு அவ்வளவு வளர்ந்திருந்தது. சென்றாயனின் முகம் வெளுத்தது. "அண்ணே, இது சரியில்லண்ணே," என்றான் மொக்கராசுவிடம்.

"எது சரியில்ல? இவ சரியில்ல. சத்தம் எடுத்த வண்டிக்குள்ள சத்தம் வந்தா ஊரு என்னா பேசும்? எறங்கு ஒச்சம்மா. ஒனக்கு இனி வேல இல்ல."

இறங்கினாள். பின்பக்கம் போனாள். "நீயும் எறங்குடி."

பவுனுத்தாய் பலகை நுனியைப் பிடித்துக்கொண்டு அடங்கிய குரலில் சொன்னாள்: "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அடுப்பு எரியுமாம்மா? வண்டிக்குப் பயந்து எத்தன நாளைக்கு இருப்ப? போயிட்டு வந்துர்றேன்." ஜீப் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து ஒச்சம்மா ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நின்றாள். மலை மேலே ஜீப் ஓட ஓட, கீழே அவள் தொண்டை கீச்சிட்டது. வண்டி தோட்டத்தில் நின்ற பிறகுதான் அவளுக்குத் தண்ணீர் குடிக்க வாய் கிடைத்தது, சாயங்காலம் வண்டி கிளம்பினால் மறுபடி ஆரம்பித்தது. முதலில் ஊர் எரிச்சல்பட்டது. அப்புறம், மலைக்குப் போன பெண்களின் மாமியார்களும் புருஷன்மார்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார்கள். இப்போது புலியூத்து ஏற்றத்தில் ஏறுகிறது, இப்போது செக்போஸ்ட்டில் நிற்கிறது, இப்போது இறங்குகிறது என்று அவள் கீச்சை வைத்தே சொன்னார்கள். இவள் சொல்லியா உலை வைப்பது என்று கிண்டல் பண்ணின சுருளிச்சாமியின் பெண்டாட்டிகூட, சாயங்காலச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் உலை வைத்தாள். ஒச்சம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், தொண்டைக்குச் சுக்குத் தட்டிக் கொடுத்தார்கள். சத்தம் நாளுக்கு நாள் மோசமாவதை எல்லோரும் கேட்டார்கள், கேட்டுத் தலையை ஆட்டினார்கள், நேற்றைக்கு இன்றைக்கு அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வண்டியை நிறுத்துங்கடா என்று மொக்கராசுவிடம் சொல்ல ஒருவனுக்கும் கால் எழும்பவில்லை. ஒச்சம்மா அவர்களை வெறிக்க வெறிக்கப் பார்த்தாள். வாய் நிறைய அந்தச் சத்தம் அடைத்துக்கொண்டிருந்தது, இல்லாவிட்டால் காறித் துப்பியிருப்பாள்.

மார்கழியில் ஒரு காலை, வண்டி புலியூத்து ஏற்றத்தில் ஏறுகிற நேரம், அவள் தொண்டையிலிருந்து வந்தது கீச்சில்லை. கசாப்புக் கடையில் ஆடு போடுகிற கத்து மாதிரி ஒன்று, மூச்சு விடாமல், நீளமாக வந்தது. நாற்காலி சாய்ந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். சட்டென்று நின்றுபோனது.

ஒரு சத்தமும் இல்லை. மரத்தடியில் ஒருவரும் அசையவில்லை.

மொக்கராசு டீக்கடை பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தான். "நின்னுருச்சா? அப்பாடா. சரியாயிருச்சுன்னு அர்த்தம்," என்றான்.

அவன் அதை மனதார நம்பிச் சொன்னான், அதுதான் கொடுமை. ஒச்சம்மா இத்தனை வருஷம் கங்காணி கங்காணி என்று வாய் நிறைய மரியாதை கொடுத்தவள். "டேய் மொக்கராசு," என்றாள், சொந்தக் குரல் திரும்பியிருந்தது, "எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சு, ஒன்னய இந்த மரத்துலயே வச்சு அறுப்பேன்டா." மலைக்குப் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள், அவள் பின்னால் அந்த மாமியார்களும் புருஷன்மார்களும் ஏறினார்கள், நல்ல நேரத்தில் கால் எழும்பிவிட்டது அவர்களுக்கு.

புலியூத்து ஏற்றத்தில் ஜீப் இல்லை. சாலை துடைத்த மாதிரிக் கிடந்தது. முன்னால் போன வண்டிகள் எல்லாம் அந்த வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. பஸ்ஸும் தாண்டியிருக்கும், ஒச்சம்மா ஜன்னலில் தலையை நீட்டியிருந்ததால் ஒரு சத்தத்தைக் கேட்டாள். டங்கு. டங்கு. டங்கு. ஏதோ தகரத்தில் கல்லைக் கொண்டு தட்டுகிற சத்தம், பள்ளத்திலிருந்து வந்தது. அவள் போட்ட கத்தலில் பஸ் குலுங்கி நின்றது.

ஜீப் சாலையை விட்டுச் சரிந்து, கீழே இரண்டு மரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. ஸ்டியரிங் கல்லாகிப்போய், வண்டி பின்னால் உருண்டு, பிரேக்கும் கல்லாகி, இருந்த பலத்தையெல்லாம் போட்டுச் சென்றாயன் மரத்துப் பக்கம் திருப்பியிருக்கிறான். அவன் விலா எலும்புகள் ஸ்டியரிங்கில் நொறுங்கியிருந்தன. தார்ப்பாய்க்குள்ளிருந்து பெண்கள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். கால் முறிந்தவர்கள், மண்டை உடைந்தவர்கள், எல்லோருடைய வாயும் திறந்திருந்தது, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு மலை முழுக்கக் கேட்க வேண்டிய கத்தல் அது, காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அத்தனை வண்டிகள் அவர்கள் தலைக்கு மேலே ஒன்றும் தெரியாமல் போயிருக்கின்றன. பவுனுத்தாயின் வலது கை பலகைக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. இடது கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, தன் தூக்குவாளியை அவள்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து கன்னத்தைப் பிடித்த பிறகும் தட்டுவதை நிறுத்தவில்லை.

யாரும் சாகவில்லை. அதையே மொக்கராசு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பவுனுத்தாயின் வலது கையில் காயெடுக்கிற விரல்களை எடுத்துவிட்டார்கள். தேனி ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். ஒச்சம்மா அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டு எழுந்து ஊருக்கு வந்தாள்.

வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டாண்டுக்குப் போய், தூக்குவாளியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியால் அடிக்க ஆரம்பித்தாள். நொண்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள், தலையில் கட்டோடு ஒருத்தி வந்தாள், வேறு கங்காணிகளின் பெண்களும் வந்தார்கள். எல்லோர் கையிலும் தூக்குவாளி. ஜீப்புகளைச் சுற்றி நின்று அடித்தார்கள், ஒரு வண்டியும் நகரவில்லை. சமைக்கப் போகிறவள் போனால் அவள் மாமியார் வந்து வாங்கி அடித்தாள். அமைதிக்குப் பேர்போன கரட்டுப்பட்டியில் பால் கறக்கிற மாடு மிரண்டது, பாடம் நடக்கவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் கிடந்த ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஸ்டாண்டை ஒட்டின பட்டறை வாசலில் போட்ட பிறகும் அது ஓயவே இல்லை.

மொக்கராசு ராயப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான். "எடுடா. இந்தச் சத்தத்த எடு."

ராயப்பன் ஸ்க்ரூடிரைவரை ஒச்சம்மாவின் தூக்குவாளியில் வைத்தான். காதை ஒட்டிக் கேட்டான். திருகினான். முனை வழுக்கியது. இன்னொருத்தி தூக்குவாளியில் வைத்தான், அதிலும் வழுக்கியது.

"முடியலண்ணே," என்றான். அவன் வாயில் அந்தச் சொல் வந்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. "கோளாறு இருந்தாத்தான அதுல புடிச்சு இழுக்கலாம். இதுல கோளாறு ஒண்ணுமே இல்ல, நாயத்துக்கு அடிக்கிறாக."

மொக்கராசு குரலை மாற்றினான். "தாயிகளா, பீரோவுல இருக்கு ஒங்க சத்தம், பத்திரமா வச்சிருக்கேன். அம்புட்டையும் இப்பவே தந்துர்றேன், போதுமா?"

"அது அப்பறம் கெடக்கட்டும்," என்றாள் ஒச்சம்மா. "மொதல்ல கோளாற எடு. ராயப்பா, அத கழட்டு."

ராயப்பன் நெளிந்துபோன பானெட்டைக் கம்பி வைத்து நெம்பித் திறந்தான். குனிந்தான். பக்கத்தில் யாரோ டீ வாங்கி வைத்திருந்தார்கள், அந்த டீ ஆறுவதற்குள் கழற்றிவிட்டான். கரியும் எண்ணெயும் வழிய, அந்தப் புல்லியை அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒரு உளுந்த வடை அளவு இருந்தது. விரலால் சுற்றிவிட்டால் கோணலாக ஆடி நின்றது.

"மாட்டுறதுக்கும் இம்புட்டு நேரந்தானா?"

"இம்புட்டு நேரந்தான் யக்கா."

ஒச்சம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்தார்கள். அவள் மொக்கராசுவின் முன்னால் போனாள், அவன் கையைப் பிடித்து விரித்தாள், அந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நடுவில் புல்லியை வைத்து மூடினாள்.

"இதுக்காடா?" என்றாள். "இதுக்காடா எம் பிள்ள கைய எடுத்த?"

மொக்கராசு பழக்கத்தில் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தான். ராயப்பன் அங்கே இல்லை, அடுத்த ஜீப்பின் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தான்.